வீடு கட்ட வந்த விருந்தாளிகள்

மும்பைக்கு அருகில் உள்ள ஊர் உல்லாஸ்நகர். இது வீடு இழந்தவர்களுக்காக உண்டான ஊர். 1947இல் நாடு பிரிந்தது. சிந்து மாநிலத்திலிருந்து லட்சக்கணக்கான மக்கள் இந்தியா வந்தார்கள். அவர்களில் பலரைக் கல்யாண் பக்கத்தில் இருந்த பட்டாளத்துக் கொட்டகைகளில் தங்க வைத்தார்கள். 1949 ஆகஸ்டு 8ஆம் தேதி ராஜாஜி வந்து ஊருக்கு அடிக்கல் நாட்டினார். இன்றும் அங்கே முகவரி சொல்பவர்கள் 'கேம்ப் நம்பர்' சொல்கிறார்கள். கேம்ப் என்றால் முகாம்.

அந்த மக்கள் வீட்டை இழந்தது மனிதர்களின் சண்டையால். இயற்கையும் அந்த ஊரை விடவில்லை. 2005 ஜூலை 26ஆம் தேதி பெருமழை கொட்டியது. உல்லாஸ் ஆறும் வால்துனி ஆறும் பெருகின. கரையோரக் குடிசைகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

இப்படி வீடு போனால் யார் வருவார்கள்? உறவினர்கள் வருவார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் வருவார்கள். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர், கடல் தாண்டி வந்து, மண் சுமந்து வீடு கட்டித் தருவாரா? வந்தார்கள். அந்தக் கதையைப் படியுங்கள்.

1934 ஜனவரி 15. பொங்கல் சமயம். மதியம் இரண்டு மணிக்கு மேல் பீகார் நிலம் குலுங்கியது. இந்தியாவிலும் நேபாளத்திலுமாக 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நிலம் பிளந்து மணலும் தண்ணீரும் பீறிட்டன. கிணறுகள் மணலால் தூர்ந்தன. வயல்களை மணல் மூடியது.

அப்போது ராஜேந்திர பிரசாத் சிறைக் காவலில் இருந்தார். இரண்டு நாளில் விடுதலையானார். உடனே நிவாரண வேலையில் இறங்கினார். இவர்தான் பின்னாளில் நம் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஆனவர்.

சுவிட்சர்லாந்து நாட்டில் பியேர் செரசோல் என்று ஒருவர் இருந்தார். அவர் என்ஜினீயர். அவருடைய அப்பா அந்த நாட்டின் தலைவராக இருந்தவர். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் மகனுக்குப் போர் பிடிக்காது. பட்டாள வரி கட்ட மாட்டேன் என்றார். அதற்காகச் சிறை சென்றார். 1920இல் பிரான்சு நாட்டில், போரில் இடிந்த ஒரு கிராமத்தைக் கட்டப் போனார். உடன் சென்றவர்களில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். இடித்தது ஜெர்மன் படை. கட்ட வந்ததும் ஜெர்மன்காரர்! ஊர்க் கோபம் ஆறவில்லை. சில மாதங்களில் வேலை நின்று போனது. செரசோல் மனம் தளரவில்லை. அவர் தொடங்கிய அமைப்பின் பெயர் சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல். மண்வெட்டியும் கடப்பாரையும்தான் அதன் ஆயுதம்.

பீகார் செய்தியைக் கேட்டதும் அவர் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 54. வந்ததும் வேலையில் பாயவில்லை. முதலில் சுற்றிப் பார்த்தார். என்ன தேவை என்று விசாரித்தார். காந்தியடிகளையும் ராஜேந்திர பிரசாத்தையும் சந்தித்தார். ஊருக்குத் திரும்பி ஆள் திரட்டிக்கொண்டு மறுபடி வந்தார். முசாபர்பூர் பக்கம் வேலை தொடங்கியது. வெள்ளம் தேங்கும் இடத்திலிருந்த கிராமங்களை மேட்டு நிலத்துக்கு மாற்றினார்கள். அப்படி எழுந்த ஒரு கிராமத்துக்குச் சாந்திபூர் என்று பெயர்.

அது வெள்ளைக்காரர் ஆண்ட காலம். வெள்ளைக்காரர் என்றால் அதிகாரம் செய்பவர் என்றுதான் மக்களுக்குத் தெரியும். இங்கே வெள்ளைக்காரர்கள் கிராமத்தாரோடு நின்று மண் வெட்டினார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்திருக்கும்! வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். நான்கைந்து பேரால் பீகாரையே கட்டிவிட முடியாது. கட்டியதில் பெரும் பங்கு ஊர் மக்களின் உழைப்பு. 1937 வரை இந்த வேலை நடந்தது.

இதே பீகாரில் நம் தமிழர் ஒருவரும் இருந்தார். அவர் ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்தவர். மும்பையில் கணக்குத் தணிக்கைத் தொழில் செய்தவர். நிவாரணப் பணத்தின் கணக்கை அவர் பார்த்தார். ஊர் ஊராக மக்கள் கொடுத்த பணம் அது. தொண்டர் ஒருவரின் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்று அணா என்று வரம்பு வைத்தார். காந்தியடிகள் தம் ஆட்களோடு பாட்னா வந்தார். அவர்களுக்குப் பாலும் பழமும் வேண்டும். அது மூன்று அணாவில் அடங்காது. குமரப்பா என்ன செய்தார்? இந்தச் செலவை நிவாரண நிதியிலிருந்து தர மாட்டேன் என்றார். காந்தியடிகளும் அதை ஏற்றுக்கொண்டார். உதவிக்குப் போகிறவர்கள் அங்கே பாரமாகிவிடுவது உண்டு. குமரப்பா அதற்கு இடம் தரவில்லை.

மகாராஷ்டிராவில் இருப்பவர்களுக்கு இன்னொரு பூகம்பம் மறக்காது. 1993 செப்டம்பர் 30. பிள்ளையாரைக் கரைத்துவிட்டு மக்கள் அசந்து தூங்கிய நேரம். விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன்பு லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்கள் அதிர்ந்தன. கில்லாரி கிராமம் தரைமட்டமானது. ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள்.

கொன்றது பூகம்பம் மட்டுமா? வீடுகளும்தான். சுவர்கள் கல்லால் ஆனவை. கனமானவை. ஆனால் கல்லையும் கல்லையும் பிடித்து வைத்தது வெறும் களிமண். உள்பக்கம் ஒரு வரிசைக் கல், வெளிப்பக்கம் ஒரு வரிசைக் கல். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒன்றும் இல்லை. மேலே மண் கூரை. மழை ஒழுகாமல் இருக்க மேலும் மேலும் மண் போடுவார்கள். கூரையின் பாரம் ஏறிக்கொண்டே போகும். நிலம் ஆடியதும் சுவர் பிரிந்தது. பாரம் முழுவதும் தூங்கியவர்கள் மேல் விழுந்தது.

இதற்கு வழி உண்டு. கொத்தனார்கள் அதைக் கற்றார்கள். சுவரின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை நீளும் கற்களை இடையிடையே வைக்க வேண்டும். சுவரைச் சுற்றிலும் கம்பி போட்ட கான்கிரீட் பட்டை கட்ட வேண்டும். இடுப்புக்குப் பெல்ட் போடுவது போல! கூரை மண்ணைக் குறைக்க வேண்டும்.

கொத்தனார்கள் மட்டும் கற்கவில்லை. கிராமத்துப் பெண்களும் கற்றார்கள். சுவயம் சிக்ஷண் பிரயோக் என்ற அமைப்பு அவர்களைச் சேர்த்தது. வீடு கட்டும்போது சுவரில் கல் சரியாக இருக்கிறதா, பட்டை போட்டார்களா என்று அவர்கள் கவனித்தார்கள். அரசு தரும் பணம் எப்படிக் கிடைக்கும் என்று மற்றவர்களுக்கு விளக்கினார்கள்.

2001 ஜனவரி 26இல் குஜராத்தில் பூகம்பம் வந்தது. லாத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் அங்கே போனார்கள். அவர்களுக்குக் குஜராத்தி தெரியாது. ஆனால் இடிந்த வீட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று தெரியும். 2004இல் சுனாமி அடித்தபோது தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் இப்படிப் பெண்கள் வந்தார்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் சுவரைப் பாருங்கள். கல்லா, செங்கல்லா? எதை வைத்துப் பூசியிருக்கிறார்கள்? கூரையில் என்ன பாரம் இருக்கிறது? நாளை வகுப்பில் சொல்லுங்கள். உங்கள் தெருவில் கொத்தனார் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள்.