கம்ப்யூட்டரில் இடுக்குப் புள்ளி: பேட்டர்ன் அமைப்பது எப்படி?

கோலம் போடுபவர்களுக்கு நேர்ப்புள்ளி, இடுக்குப் புள்ளி இரண்டும் நன்றாகத் தெரியும். நேர்ப்புள்ளியில் ஒரு புள்ளிக்கு நேர் கீழே அடுத்த புள்ளி வரும். இடுக்குப் புள்ளியில் மேல் வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கீழ் வரிசைப் புள்ளி வரும். '15 புள்ளி, இடுக்குப் புள்ளி 8 வரை' என்றால் மொத்தம் 15 வரிசைகள், 169 புள்ளிகள். தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி குழுவினர் 1970களிலேயே கோலங்களைக் கம்ப்யூட்டருக்கான விதிகளாக எழுதி ஆராய்ந்திருக்கிறார்கள். இதே இடுக்குப் புள்ளி முறையில் ஓர் உருவத்தைத் திரும்பத் திரும்ப நிரப்புவதுதான் ஆஃப்செட் பேட்டர்ன். (ஆஃப்செட் அச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

இதனால் என்ன பயன்? எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி, பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்றது. சேலை உடலில் புட்டாக்களை நேர் நேராக வைத்தால் நடுவில் வெற்றுப் பட்டைகள் தெரியும். இடுக்கில் வைத்தால் அந்த இடைவெளி நிரம்பிவிடும். டிசைன் வரையும் என் உறவினர் ஒருவர் ஒவ்வொரு மாங்காய் புட்டாவையும் காப்பி, பேஸ்ட் செய்து கண்ணால் பார்த்தே நகர்த்தி வைப்பார். ஒரு வரிசை சற்று விலகினாலும் அந்தப் பிழை சேலை முழுவதும் வரும். ஜக்கார்டு அட்டை குத்திய பிறகு கண்டுபிடித்தால் செலவு. திரையில் கண்டுபிடித்தால் செலவே இல்லை. அவருக்கு நான் சொல்லிக் கொடுத்த வழி இது. இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் சாஃப்ட்வேர் போதும்.

1. ஃபைல் மெனுவில் நியூ கிளிக் செய்து, அகலம் 400, உயரம் 692 பிக்ஸெல் கொடுங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'ஃபில் வித்' என்பதில் டிரான்ஸ்பரன்ஸி தேர்ந்தெடுங்கள்.

2. சுமார் 250 பிக்ஸெலுக்குள் அடங்கும்படி உருவத்தை வரையுங்கள். சரியாக நடுவில் இருக்க வேண்டியதில்லை. ஓரத்தில் வெட்டுப்படாமல் இருந்தால் போதும்.

3. உருவத்தை வேறு இடத்திலிருந்து பேஸ்ட் செய்திருந்தால் லேயர் சிறியதாக இருக்கும். அப்படியே விட்டால் பேட்டர்ன் தவறாக வரும். லேயர் மெனுவில் 'டு இமேஜ் சைஸ்' என்று முடியும் கட்டளையைக் கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

4. ஷிப்ட், கண்ட்ரோல், டி கீகளை ஒன்றாக அழுத்தி லேயருக்கு ஒரு நகல் எடுங்கள்.

5. நகல் லேயரில் இருந்தபடி ஷிப்ட், கண்ட்ரோல், ஓ அழுத்துங்கள். ஆஃப்செட் விண்டோ திறக்கும். அகலத்திலும் உயரத்திலும் பாதி நகர்த்தும் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். 'வ்ராப் அரவுண்ட்' தேர்வாகி இருக்க வேண்டும். ஒரு பக்கம் வெளியேறும் துண்டு மறுபக்கம் வந்து சேரும். உருவம் உடைந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம்.

6. எக்ஸ்சிஎஃப் ஃபைலாக சேவ் செய்யுங்கள். பிறகு பேக்ரவுண்ட் வண்ணமாகச் சேலையின் நிறத்தை வைத்து, இமேஜ் மெனுவில் ஃப்ளாட்டன் இமேஜ் கொடுங்கள்.

7. ஃபில்டர்ஸ் - மேப் - டைல் சென்று அகலம் 2000, உயரம் 3460 கொடுங்கள். உடைந்த துண்டுகள் ஒன்றுசேர்ந்து, 50 புட்டாக்களுக்குரிய இடம் நிரம்பிவிடும்.

அது என்ன 692 என்று கேட்கிறீர்களா? உயரம் அகலத்தைப் போல 1.732 மடங்கு இருந்தால், ஒவ்வொரு புட்டாவுக்கும் சுற்றியுள்ள ஆறு புட்டாக்களும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் அமையும். வேறு அளவும் வைக்கலாம். ஆனால் இரண்டும் இரட்டைப்படை எண்ணாக இருக்கட்டும். ஒற்றைப்படையைச் சரிபாதியாக்க முடியாது.

போட்டோஷாப் வைத்திருப்பவர்கள் ஃபில்டர் - அதர் - ஆஃப்செட் சென்று பாதி அளவுகளைத் தாங்களே டைப் செய்ய வேண்டும். கிரிட்டாவில் டபிள்யூ கீயை அழுத்தினால், உங்கள் கட்டம் நாலாபுறமும் திரும்பத் திரும்பத் தெரியும். இணைப்புகளைப் பார்த்துக்கொண்டே வரையலாம்.

கடைசியாக ஒரு யோசனை. படத்தைச் சிறியதாக்கி, சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். எங்காவது கோடு போலவோ ஓட்டை போலவோ தெரிந்தால், எக்ஸ்சிஎஃப் ஃபைலைத் திறந்து நகல் லேயரை நீக்குங்கள். மூல உருவத்தைத் திருத்தி, நான்காவது படியிலிருந்து மீண்டும் செய்யுங்கள்.