குரலைக் காப்போம்

நுழையும் முன்

தமிழ்நாட்டை விட்டுத் தொலைவில் வாழும் நமக்குத் தமிழ் பெரும்பாலும் செவிவழியாகவே வந்து சேர்கிறது. வீட்டில் அம்மாவும் அப்பாவும் பேசும் பேச்சு, தொலைபேசியில் கேட்கும் தாத்தாவின் குரல், விடுமுறையில் பாட்டி சொன்ன கதை ஆகியவை நம் செல்வங்கள். அச்செல்வத்தைக் கையடக்க ஒலிக்கருவியில் பதிந்து, கணினியில் சேமித்து வைக்கும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

கருவி வளர்ந்த கதை

அன்பு மாணவர்களே! நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் வழக்கம் உங்கள் பெற்றோர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1979ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டின் சோனி நிறுவனம் 'வாக்மேன்' என்னும் கருவியை வெளியிட்டது. அது ஒலிநாடாவைக் கொண்டு இயங்கியது.

பின்னர் ஒலியை எண்களாக மாற்றிக் கணினிக் கோப்பாகச் சேமிக்கும் முறை வந்தது. ஆனால், குறுந்தகட்டில் உள்ள ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 10 எம்பி இடம் தேவைப்பட்டது. ஒரு பேரொலி எழும்போது அதனருகே ஒலிக்கும் மெல்லொலியை நம் செவி உணர்வதில்லை. செவி உணராத பகுதிகளைக் குறைத்துவிட்டால் கோப்பும் சிறிதாகும் அன்றோ? இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு உருவானதே எம்பி3 முறை. இதனை உருவாக்கியதில் ஜெர்மனி நாட்டின் பிரான்ஹோபர் ஆய்வு நிறுவனத்திற்குப் பெரும்பங்கு உண்டு. இம்முறையில் ஒரு நிமிட இசை ஏறத்தாழ 1 எம்பி அளவில் அடங்கிவிடும். 1 ஜிபி நினைவகத்தில் ஏறத்தாழ 17 மணி நேர இசையைச் சேமிக்கலாம்.

1998ஆம் ஆண்டு தென்கொரியாவிலிருந்து 'எம்பிமேன்' என்னும் எம்பி3 கருவி விற்பனைக்கு வந்தது. 2001ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் ஆயிரம் பாடல்களைச் சேமிக்கும் 'ஐபாட்' கருவியை வெளியிட்டது. பிறகு திறன்பேசியே பாட்டுப் பெட்டியாகவும் மாறியதால், 2022ஆம் ஆண்டு ஐபாட் உற்பத்தி நிறுத்தப்பட்டது. எனினும், சிறிய எம்பி3 கருவிகள் இன்றும் பல வீடுகளில் உள்ளன. அவற்றுள் பலவற்றில் குரலைப் பதியும் வசதியும் உண்டு.

கணினியுடன் இணைக்கும் முறை

1. கருவியின் மின்கலத்தில் போதிய மின்னூட்டம் உள்ளதா எனப் பார்க்க. யூஎஸ்பி வடத்தின் ஒரு முனையைக் கருவியிலும் மறுமுனையைக் கணினியிலும் செருகுக. முனை நுழையாவிடில் வலிந்து அழுத்தற்க, திருப்பிச் செருகுக.

2. கணினியில் 'திஸ் பிசி' என்னும் பகுதியைத் திறக்க. அங்கே கருவி ஒரு புதிய வட்டாகத் தோன்றும். தோன்றாவிடில் வடத்தை மாற்றுக. சில வடங்கள் மின்னூட்டத்திற்கு மட்டுமே பயன்படும். திறன்பேசியை இணைத்திருந்தால், அதன் திரையில் கோப்புப் பரிமாற்றத்திற்குரிய வாய்ப்பைத் தேர்ந்தெடுக்க.

3. குரல் பதிவுகள் பெரும்பாலும் 'ரெக்கார்டு' அல்லது 'வாய்ஸ்' என்னும் கோப்புறையில் இருக்கும். அவற்றை முதலில் நகலெடுத்துக் கணினியில் ஒட்டுக. 'கட்' என்பதைத் தேர்ந்தெடுக்கற்க. 'காப்பி' என்பதையே தேர்ந்தெடுக்க.

4. நகல் சரியாக ஒலிக்கிறதா என இறுதிவரை கேட்க. பின்னர், பேசியவர், ஊர், நாள் ஆகியவை விளங்குமாறு கோப்புக்குப் பெயரிடுக.

5. அதன் பின்னரே புதிய பாடல்களைக் கருவியில் சேர்க்க.

6. பணி முடிந்ததும் கணினியில் 'இஜெக்ட்' என்பதை அழுத்துக. அகற்றலாம் என்னும் செய்தி வந்த பிறகு வடத்தை உருவுக.

நான் செய்த பிழை

மூன்றாம் படியையும் ஆறாம் படியையும் நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, வட மாநிலம் ஒன்றில் பணியாற்றியபோது, கோடை விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தேன். ஒரு மாலையில் என் அப்பத்தா திண்ணையில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே கதை சொன்னார். அதை ஒரு சிறிய எம்பி3 கருவியில் பதிந்தேன். நாற்பது நிமிடப் பதிவு அது. கதையின் நடுவே உரல் இடிக்கும் ஓசையும் கேட்கும், "ஏத்தா, காப்பி குடிச்சியா?" என்று அவர் என்னை வினவுவதும் கேட்கும்.

பணியிடம் திரும்பிய பின், அக்கருவியில் புதிய பாடல்களைச் சேர்க்க விரும்பிக் கணினியுடன் இணைத்தேன். பாடல்கள் சேர்ந்துகொண்டிருந்தபோதே பள்ளிக்கு நேரமாகிவிட்டது. வடத்தைச் சட்டென்று உருவிவிட்டேன். மாலையில் மீண்டும் இணைத்தபோது, வட்டை வடிவமைக்க வேண்டும் என்று கணினி கூறியது. அதன் பொருளை உணராமல் 'ஆம்' என்பதை அழுத்தினேன். வெறுமையாகிவிட்ட கருவியில் மீண்டும் பாடல்களை நிரப்பினேன். இரவில் அப்பத்தாவின் கதையைக் கேட்கத் தேடியபோதுதான் நான் இழந்தது எதுவெனத் தெரிந்தது. அதற்கு வேறு நகல் இல்லை.

அடுத்த விடுமுறையில் மறுபடியும் பதிந்துகொள்ளலாம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த விடுமுறைக்கு நான் சென்றபோது திண்ணை இருந்தது, அப்பத்தா இல்லை.

பிழை நேர்ந்தது எவ்வாறு?

நூலகத்தில் எந்த நூல் எந்த அடுக்கில் உள்ளது என்பதைக் காட்ட ஒரு பதிவேடு இருக்கும். கருவியின் நினைவகத்திலும் அத்தகைய பதிவேடு உண்டு. கோப்புகள் எழுதப்படும்போது வடத்தை உருவினால் அப்பதிவேடு சிதையக்கூடும். திரையில் பணி முடிந்ததுபோல் தோன்றினாலும், கணினி சில தகவல்களைத் தன்னிடமே வைத்திருந்து சற்றுப் பின்னர் எழுதுவதும் உண்டு. 'இஜெக்ட்' என்பதை அழுத்தினால் எஞ்சியதை எழுதி முடித்து நமக்கு விடை தரும்.

பதிவேடு சிதைந்தாலும் நூல்கள் அடுக்கிலேயே இருக்கும். அவ்வாறே, குரலும் நினைவகத்தில் எஞ்சியிருக்கலாம். அந்நிலையில் 'இல்லை' என்பதை அழுத்தி, வேறெதையும் எழுதாமல் வல்லுநரிடம் தந்தால், மீட்பு மென்பொருள் வழியே கோப்புகளைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். நானோ புதிய பாடல்களை அவ்விடத்தில் எழுதிவிட்டேன். ஒன்றன்மேல் மற்றொன்று எழுதப்பட்டபின் முன்னது மீளாது.

மாணவர்களே! பாடல் தொலைந்தால் மீண்டும் கிடைக்கும். உலகில் அதற்குப் பல படிகள் உண்டு. உங்கள் பாட்டியின் குரலுக்கு நீங்கள் எடுத்து வைக்கும் நகலன்றி வேறு படி இல்லை. ஆதலால், கருவியில் ஒன்று, கணினியில் ஒன்று, உறவினர் வீட்டில் ஒன்று என மூன்று நகல்களாகக் காத்திடுங்கள்.

அருஞ்சொற்பொருள்

வடம் – கம்பி, கயிறு
வலிந்து – வலிமையைச் செலுத்தி
உருவுதல் – இழுத்து வெளியே எடுத்தல்
அப்பத்தா – அப்பாவின் தாய்
வடிவமைத்தல் – வட்டில் உள்ளவற்றை நீக்கிப் புதிதாக ஆயத்தம் செய்தல்

பயிற்சி

அ. சுருக்கமாக விடை எழுதுக.
1. எம்பி3 முறையில் கோப்பின் அளவு குறைவது எவ்வாறு?
2. ஆசிரியர் செய்த பிழைகள் யாவை?
3. வட்டை வடிவமைக்கக் கணினி கேட்டால் நீ என்ன செய்வாய்? ஏன்?

ஆ. ஏவல் வினையை வியங்கோள் வினையாக மாற்றுக.
எடுத்துக்காட்டு: வடத்தைச் செருகு – வடத்தைச் செருகுக
1. கோப்புக்குப் பெயரிடு.
2. நகலைக் கணினியில் ஒட்டு.
3. கோப்புறையைத் திற.

இ. பாடத்தில் 'அழுத்தற்க' என்னும் எதிர்மறை வியங்கோள் வந்துள்ளது. அதுபோன்ற மற்றொரு சொல்லைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதுக.

ஈ. செயல்பாடு
உன் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் இசைவு பெற்று, அவர் சொல்லும் கதையையோ இளமைக்கால நினைவையோ பத்து நிமிடம் பதிவு செய்க. இரண்டு இடங்களில் நகலெடுத்து வைக்க. பதிவில் நீ முதன்முறையாகக் கேட்ட ஐந்து தமிழ்ச் சொற்களை எழுதி, அவற்றின் பொருளை அவரிடமே கேட்டுக் குறித்து வருக.