எப்போது இலையில் தெளிக்கலாம்?

வாரம் தவறாமல் பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் தெளித்தும் செடி தேறவில்லை என்று மாடித்தோட்டம் வைத்திருக்கும் உறவினர்கள் கூப்பிட்டால், நான் முதலில் தொட்டி மண்ணைத்தான் கிளறிப் பார்ப்பேன். பெரும்பாலும் அது இறுகிப்போய், மக்கு உரம் கண்டு மாதக்கணக்காகியிருக்கும்.

தழைச்சத்து போன்றவை செடிக்கு நிறையத் தேவை. இலை வழியாக அவ்வளவையும் ஊட்ட முடியாது. யூரியாவை லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் கலந்தால் இலை கருகும் அபாயம் உண்டு. அந்த 10 கிராமில் தழைச்சத்து 4.6 கிராம்தான். ஒரு கத்தரிச் செடியின் இலைகளில் தங்குவதோ சில மில்லி கரைசல். வயிற்றுக்குச் சோறு வேர் வழியாகத்தான் போக வேண்டும்.

தெளிப்பதால் கண்கூடாகப் பலன் கிடைப்பது இரும்புச்சத்துக் குறைவில். சுண்ணாம்பு அதிகமுள்ள போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் மல்லிகை, கறிவேப்பிலை, இட்லிப்பூச் செடிகளின் கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை அதை வேருக்குக் கிடைக்காமல் கட்டிவைத்துவிடும். இங்கே மண்ணில் இன்னும் கொஞ்சம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) போடுவது வீண். அதுவும் கட்டுண்டு போகும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதியும் சிட்டிகை எலுமிச்சை உப்பும் கலந்து உடனே தெளித்துவிடுங்கள். வைத்திருந்தால் பழுப்பேறிப் பயனற்றுப் போகும். மழைத்தண்ணீர் கிடைத்தால் அதிலேயே கலக்கலாம். சுவரிலும் தரையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை லேசில் போகாது.

சில நாளில், துளி பட்ட இடமெல்லாம் பச்சைத் திட்டாக மாறும். அந்தத் திட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இரும்பு ஓர் இலையிலிருந்து இன்னொன்றுக்கு அவ்வளவாக நகராது. அடுத்த கொழுந்து மறுபடி வெளிறித்தான் வரும், மறுபடி தெளிக்க வேண்டும். இதற்கிடையில் மக்கு உரம் சேர்த்து மண்ணைச் சரிசெய்ய வேண்டும்.

அடி இலைகள் நரம்புக்கிடையே மஞ்சளானால் அது பெரும்பாலும் மக்னீசியக் குறைவு. எப்சம் உப்பு லிட்டருக்கு 10 கிராம் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேர் மூச்சுமுட்டிக் கிடக்கும் செடிகளுக்கும், தண்ணீர் வடிந்தபின் லேசான இலைத் தெளிப்பு தெம்பு தரும்.

தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதற்கு முட்டை ஓட்டுக் கரைசலை இலையில் தெளிப்பவர்கள் உண்டு. இலைக்குள் போன சுண்ணாம்புச்சத்து காய்க்கு இறங்கிப் போகாது. ஒருநாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்றில்லாமல் சீராகத் தண்ணீர் விட்டாலே பாதிப்பு குறையும்.

எதைத் தெளித்தாலும் வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். மெதுவாகக் காய்ந்தால்தான் சத்து உள்ளே போகும். இலையின் அடிப்பக்கமும் நனையட்டும். வாடிய செடிக்கு முதலில் தண்ணீர், மறுநாள் தெளிப்பு. புதுக் கரைசல் என்றால் ஒரு கிளையில் மட்டும் அடித்து, இரண்டு நாள் பொறுத்து, கருகவில்லை என்று பார்த்தபின் முழுச் செடிக்கும் அடிக்கலாம்.