வயதுக்கு முன்பே வாசிக்கும் குழந்தை: நுண்ணறிவுச் சோதனை தேவையா?

குழந்தை வளர்ச்சிப் பிரிவின் அறைக்கு வெளியே நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், சுவரில் இருந்த பலகைகளை ஒவ்வொன்றாக உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். ‘காலணிகளை வெளியே விடவும்.’ ‘கட்டணம் செலுத்துமிடம்.’ ‘அமைதி காக்கவும்.’ காத்திருந்தவர்கள் வியந்து பார்த்தனர். உள்ளே வந்ததும் தந்தை கேட்டார்: “டாக்டர், இவனுக்கு ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்து ஒரு சான்றிதழ் தர முடியுமா? எல்.கே.ஜி.யை விட்டுவிட்டு நேரே யு.கே.ஜி.யில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம்.” (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளேன்.)

இத்தகைய பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, முடிவு கைக்கு வந்த பிறகு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைத்தான். 110 என்று வந்தால் ஒன்றும், 140 என்று வந்தால் வேறொன்றும் செய்வதாக இருந்தால் சோதனைக்குப் பொருள் உண்டு. எந்த எண் வந்தாலும் அதே பள்ளி, அதே வகுப்பு என்றால் அதை அறிந்து பயனில்லை. இரத்தப் பரிசோதனைக்கும் இதுவே விதி. விடை சிகிச்சையை மாற்றப்போவதில்லை என்றால் குழந்தையின் கையில் ஊசி குத்த வேண்டியதில்லை.

நுண்ணறிவுச் சோதனை மேதைகளைக் கண்டுபிடிக்கப் பிறந்ததன்று. 1905இல் பாரிஸ் நகரில் ஆல்ஃபிரட் பினேவும் தியோடர் சிமோனும் அதை உருவாக்கியது, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளை இனங்காண்பதற்காக. இன்றைய சோதனைகளில் சராசரி 100. மூன்றில் இரண்டு பங்கினர் 85க்கும் 115க்கும் இடையில் அமைவர். 130ஐத் தாண்டுவோர் நூற்றுக்கு இருவர் அளவே. நம் நாட்டில் மூன்று வயது முதல் பினே-காமத் சோதனையும், ஆறு முதல் பதினைந்து வயது வரை மாலின் சோதனையும் வழக்கத்தில் உள்ளன. இவற்றின் அளவுகோல்கள் பல பத்தாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்டவை. பழைய அளவுகோல் சற்றே கூடுதலான எண்ணைக் காட்டக்கூடும்.

அதிலும், நான்கு வயதுக் குழந்தை அறிமுகமில்லாத ஒருவர் முன் ஒரு மணி நேரம் அமர்ந்து விடை சொல்ல வேண்டும். பசி, தூக்கம், கூச்சம் எல்லாம் எண்ணில் கலந்துவிடும். இவ்வயதில் கிடைக்கும் எண் பின்னாளில் கணிசமாக மாறவும் கூடும். எனவே வேறு கவலை இல்லாதபோது ஆறு, ஏழு வயது வரை பொறுத்திருக்கவே சொல்கிறேன்.

இந்தப் பொறுமை எனக்கும் பிந்தியே வந்தது. பணியில் சேர்ந்த புதிதில், பெற்றோர் கேட்டார்கள் என்பதற்காகவே ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைச் சோதனைக்கு அனுப்பினேன். எண் 128. ஓரிரு நாள் இடைவெளியில் இன்னொருவர் சோதித்திருந்தால் அது 124 ஆகவோ 132 ஆகவோ இருந்திருக்கலாம்; ஐந்தாறு புள்ளிகள் மேலும் கீழும் போவது இயல்பே. அதை நான் விளக்கிச் சொல்லவில்லை. ‘இரண்டு மதிப்பெண்ணில் போய்விட்டது’ என்று வீட்டில் பேசிக்கொண்டார்களாம். மறு ஆண்டு வந்தபோது அந்தக் குழந்தையே என்னிடம் அதைச் சொன்னாள்.

முதலில் சொன்ன சிறுவனுக்கு வருகிறேன். தமிழ் எழுத்துமுறைக்கு ஓர் இயல்பு உண்டு. எழுத்துகளைக் கற்ற குழந்தை, பொருள் தெரியாத சொல்லையும் பெரும்பாலும் தடையின்றி ஒலித்துவிடும். ஆகவே உரக்க வாசிப்பதை மட்டும் வைத்துப் புரிதலை அளக்க இயலாது. நான் ஒரு துண்டுத்தாளில் ‘அந்தப் பந்தை அம்மாவிடம் கொடு’ என்று எழிதி நீட்டினேன் என்றால், புரிந்து வாசிக்கும் பிள்ளை பந்தைத் தேடும். அவன் பிசிறின்றி வாசித்தான். தாளைத் திருப்பி மறுபடியும் வாசித்தான். பந்து மேசையிலேயே கிடந்தது. பெயர் சொல்லி மூன்று முறை அழைத்தும் திரும்பவில்லை. “உன் பேர் என்ன?” என்றதற்கு, “உன் பேர் என்ன?” என்பதே பதிலாக வந்தது.

வாசிப்புத்திறன் மிக முந்தியும் புரிதலும் பேச்சும் பிந்தியும் நிற்கும் இந்நிலையை 1967 முதல் ஹைப்பர்லெக்சியா என்ற பெயரால் மருத்துவ உலகம் குறித்துவருகிறது. முன்கூட்டியே வாசிக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இது இருப்பதில்லை. பலர் மொழியில் ஆர்வம் மிகுந்த இயல்பான பிள்ளைகளே. ஆயினும் கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்லுதல், விரல் நீட்டி எதையும் காட்டாதிருத்தல், பாவனை விளையாட்டு இல்லாமை ஆகியவை கூடவே காணப்பட்டால், ஆட்டிசம் உள்ளதா என்று பார்த்தாக வேண்டும். இதற்கு ஆறு வயது வரை காத்திருத்தல் கூடாது. செவித்திறன் பரிசோதனையும் உடன் வேண்டும்.

அந்தத் தந்தையிடம் இதைச் சொன்ன நாள் எளிதானதாக இல்லை. சான்றிதழ் கேட்டு வந்தவர், “அப்படியானால் அவன் வாசிப்பதெல்லாம் வீணா?” என்றார். வீணன்று. காதால் கேட்டுப் புரிந்துகொள்ளத் தடுமாறும் குழந்தைக்குக் கண்ணால் வாசிக்கும் ஆற்றல் பெரும் பாலம். பேச்சுப் பயிற்சியாளர் ‘தண்ணீர் வேண்டும்’ என்று அட்டையில் எழுதிப் படத்தோடு சேர்த்துக் கற்பித்தார். சில மாதங்களில் அவன் அட்டையைப் பாராமலேயே தண்ணீர் கேட்டான்.

சோதனை உண்மையிலேயே பயன்பட்டதும் உண்டு. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வீட்டில் தடித்த கதைப் புத்தகங்களை வாசித்துப் பொருளும் சொல்வாள். பள்ளியிலோ ‘சோம்பேறி, எழுதுவதே இல்லை’ என்று புகார். சொல்திறன் மிக உயர்ந்தும், கை எழுதும் வேகம் மிகத் தாழ்ந்தும் இருப்பதைச் சோதனை காட்டியது. எழுதுவதற்குக் கூடுதல் நேரமும் கைப்பயிற்சியும் கிடைத்தன. இங்கே உதவியது மொத்த எண்ணன்று, அதன் உட்பிரிவுகள்.

சோதனை என்று முடிவு செய்தால், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் செல்லுங்கள். குழந்தை வீட்டில் பேசும் மொழியிலேயே சோதிக்கக் கேளுங்கள். முன்கூட்டிப் பயிற்சி அளித்தால் முடிவு கெடும். உட்பிரிவு விவரங்களுடன் எழுத்து அறிக்கை பெறுங்கள். எண்ணைக் குழந்தையின் காதில் போட வேண்டாம், உறவினர் காதிலும்தான்.

எங்கள் பிரிவுக்கு வரும்போது பள்ளிக் குறிப்பேட்டுடன், உங்கள் பிள்ளை விரும்பி வாசிக்கும் புத்தகம் ஒன்றையும் எடுத்து வாருங்கள்.