அடிபட்ட தாராக் குஞ்சு: முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதன் பிறகே தீனி



வாத்தை நம்ம கருங்கல் பக்கத்தில் 'தாரா' என்றுதான் சொல்லுவோம். குளமும் வாய்க்காலும் பக்கத்தில் இருக்கிற வீடுகளில் நாலைந்து தாராவாவது நிற்கும். காக்கி கேம்பல் இனம் நல்ல பராமரிப்பில் வருஷத்துக்கு 300 முட்டை வரை இடும். அப்படியானால் இன்று கையளவு இருக்கிற ஒரு குஞ்சு, நாளைக்கு நம்ம சந்தா கட்டும் காசு. அது அடிபட்டுக் கிடந்தால், 'போனால் போகட்டும்' என்று விடலாமா?

நான் விடவில்லை. ஆனாலும் தெரியாமல் ஒரு குஞ்சைக் கொன்றிருக்கிறேன். அதைச் சொல்லித்தான் இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

என் வீட்டில் நடந்தது

கும்பப்பூ அறுப்பு முடிந்த நேரம். அடைக்கோழியை வைத்துப் பொரித்த ஏழு தாராக் குஞ்சுகள் முற்றத்தில் நின்றன. ஒன்றை நாய் கவ்விப் போட்டுவிட்டது. தொடையில் காயம். தீனி வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டது. பக்கத்து வீட்டு அக்கா வந்து, "பிள்ளே, வாயைத் திறந்து கஞ்சி வெள்ளத்தை ஊத்திக் குடு, தெம்பு வரும்" என்றார். என் மகள் பிடித்துக்கொண்டாள், நான் கரண்டியால் ஊற்றினேன். மூக்கு வழியாகக் கஞ்சி நுரைத்தது. கொஞ்ச நேரத்தில் குஞ்சு தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

மகள் கேட்டாள்: "அம்மா, நான் பிடிச்ச பிடி சரியில்லையா?"

மறுநாள் கால்நடை மருந்தகத்தில் டாக்டரிடம் கேட்டேன். "காயத்தால சாகலம்மா. கஞ்சி மூச்சுக்குழலுக்குள்ள போயிருக்கு. நாக்குக்குப் பின்னாலதான் மூச்சுக்குழல் வாய் இருக்கு. நீங்க ஊத்தினா அதுக்குள்ளதான் போகும்" என்றார். மகள் மேல் தப்பில்லை, எனக்குத்தான் தெரியவில்லை. அடுத்த முறை ஒரு குஞ்சைக் கோழி மிதித்துவிட்டபோது, டாக்டர் சொன்ன முறையில் பார்த்தேன். அது பிழைத்து, பிறகு முட்டையும் இட்டது.

1. முதலில் சூடு

அடிபட்ட குஞ்சின் உடம்பு குளிர்ந்துவிடும். குளிர்ந்த உடம்பில் தீனி செரிக்காது. ஆகவே தீனியை மறந்துவிட்டு முதலில் சூடு கொடுங்கள்.

ஒரு அட்டைப்பெட்டி அல்லது கடவத்தில் சாக்குத்துணி விரித்து, நாய், பூனை, காக்கை எட்டாத இடத்தில் வையுங்கள். வழுக்கும் காகிதம் வேண்டாம், கால் விரிந்துபோகும். மேலே ஒரு 40 வாட்ஸ் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், போதிய சூடு தராது. பல்பு துணியிலோ அட்டையிலோ படக்கூடாது, தீப்பிடிக்கும். கரண்டு போனால் குப்பியில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

முதல் வாரக் குஞ்சுக்குச் சுமார் 30 டிகிரி சூடு வேண்டும். அளக்கும் கருவி நம்மிடம் இல்லையே என்கிறீர்களா? குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில் ஒடுங்கிக் கத்தினால் குளிர்கிறது. தள்ளிப்போய் வாயைத் திறந்து இரைத்தால் சூடு அதிகம். ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் தணிவுமாக வைத்தால் வேண்டிய இடத்துக்கு அதுவே போகும்.

2. காயத்தைப் பாருங்கள்

காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். தாராவுக்குக் கால் பலவீனம். இரண்டு கையாலும் உடம்பைத் தாங்கி எடுங்கள்.

கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுக் காயத்தைக் கழுவுங்கள். ஈரத்தை ஒற்றி எடுத்து, பெட்டி மேல் கொசுவலைத் துணி மூடுங்கள். ஈ உட்கார்ந்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். நாய், பூனை, கீரி கடித்த காயம் வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும். அதை அன்றைக்கே டாக்டரிடம் காட்டவேண்டும். கால் ஒடிந்திருந்தாலும் அப்படித்தான். நாம் சாப்பிடுகிற மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது.

3. பிறகு தண்ணீர்

உடம்பு சூடான பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில் விரலை நனைத்து அலகின் நுனியில், பக்கவாட்டில் ஒரு சொட்டு வையுங்கள். குஞ்சு அலகை அசைத்துத் தானாக உள்ளே இழுக்கும். விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு. மிகவும் தளர்ந்திருந்தால் முதல் சில மணி நேரத்துக்கு மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனி கலந்து கொடுக்கலாம். வாயைத் திறந்து ஊற்றக் கூடாது.

தலையைத் தூக்க முடியாத குஞ்சை, துணியைச் சும்மாடு போலச் சுருட்டி நடுவில் உட்கார வையுங்கள். படுத்த நிலையில் எதுவும் கொடுக்காதீர்கள்.

4. கடைசியில் தீனி

தாரா கோழி மாதிரி இல்லை. தீனியும் தண்ணீரும் மாறி மாறி எடுத்தால்தான் அதற்கு இறங்கும். உலர்ந்த மாவுத்தீனி தொண்டையில் அடைக்கும்.

• கோழிக்குஞ்சுத் தீனியைத் தண்ணீர் விட்டுக் கூழ் போலக் குழையுங்கள். வாங்கும்போதே மருந்து கலக்காத தீனி என்று கேட்டு வாங்குங்கள். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கொஞ்சம் மசித்துச் சேர்க்கலாம்.

• பக்கத்தில் அலகு முழுவதும் முங்கும் ஆழத்தில் தண்ணீர் வையுங்கள். மூக்குத் துவாரத்தைக் கழுவ அதற்கு இது வேண்டும். உள்ளே விழுந்து நனையாதபடி வாய் குறுகிய பாத்திரமாக இருக்கட்டும்.

• தின்ன மறுத்தால், சிரட்டையில் தண்ணீர் விட்டு, பொடியாக அரிந்த கீரையை மிதக்கவிடுங்கள். அலகால் துழாவுவது தாராவின் குணம். விரல் நுனியால் தீனியைத் தட்டிக் காட்டுங்கள். தாய் கொத்துவதாக நினைத்து வரும்.

• நல்ல குஞ்சு ஒன்றைத் துணைக்கு விடுங்கள், நடுவில் கம்பிவலை இருக்கட்டும். தனியாக விட்ட குஞ்சு கத்திக் கத்தியே தளர்ந்துபோகும்.

• கொஞ்சம் கொஞ்சமாக, பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை வையுங்கள். மீந்த ஈரத்தீனியை எடுத்து மாற்றுங்கள், புளித்துவிடும்.

தாராக் குஞ்சுக்கு நியாசின் என்ற வைட்டமின் கோழிக்குஞ்சைவிட அதிகம் தேவை. குறைந்தால் கால் வளையும். நல்ல அரிசித் தவிடு கொஞ்சம் சேர்த்தால் உதவும். உப்புக் கருவாடும் பச்சை மரச்சீனித் தோலும் ஆகாது.

காயமே இல்லாமல் தின்னாவிட்டால்?

தீனியை முகர்ந்து பாருங்கள். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன, தாராக் குஞ்சுகளும் செத்தன. காரணம், பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு. அந்தப் பூசண நஞ்சு தாராக் குஞ்சை மிகச் சீக்கிரம் தாக்கும். நம்ம ஊர் மழையில் பிண்ணாக்குச் சாக்கு ஈரமாகாமல் பலகை மேல் வையுங்கள். பூசணம் கண்டால் வெயிலில் காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள், குழியில் புதையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரு குஞ்சு அடிபட்டால் வீட்டில் பார்க்கலாம். ஆனால் பல தாராக்கள் ஒன்றாகச் சோர்ந்து, திடீர் திடீரென்று செத்தால் அது காயம் அல்ல, நோய். பக்கத்துக் கேரளத்தில் 2014 நவம்பரிலும் 2021 ஜனவரியிலும் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் வந்து தாராக்களைக் கூட்டம் கூட்டமாக அழிக்கவேண்டி வந்தது. அப்படி ஒரு சந்தேகம் வந்தால் தொடாதீர்கள், விற்காதீர்கள், குளத்தில் எறியாதீர்கள். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். கால்நடை ஆம்புலன்சை அழைக்கக் கட்டணமில்லாத எண் 1962.

காயம்பட்ட குஞ்சைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். பிள்ளைகள் முத்தம் கொடுக்க விடாதீர்கள்.

பிழைக்காவிட்டால்

தினமும் ஒரே நேரத்தில் மளிகைக்கடைத் தராசில் எடை பாருங்கள். எடை ஏறினால் பிழைக்கும். ஒரு நாள் முழுவதும் சூடும் தண்ணீரும் கொடுத்தும் தின்னவில்லையானால் வீட்டு வைத்தியத்தை நிறுத்தி டாக்டரிடம் கொண்டுபோங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் சில குஞ்சு போய்விடும். அப்போது கூட இருந்து பார்த்த பிள்ளையிடம், "உன் மேல தப்பில்ல மக்களே" என்று சொல்ல மறக்காதீர்கள். நான் அன்று அதைச் சொல்லத் தாமதித்தேன்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் யார் யார் வீட்டில் தாரா நிற்கிறது? இரவில் நாயும் கீரியும் நுழையாத கூடு இருக்கிறதா?
2. வாயைத் திறந்து ஊற்றினால் என்ன ஆகும்? தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லுங்கள்.
3. கால்நடை மருந்தகம் திறக்கும் நேரத்தைக் கேட்டு, குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைப்போமா?

சூடு, தண்ணீர், தீனி. இந்த வரிசையை மனதில் வையுங்கள் சகோதரிகளே. அவசரப்பட்டு ஊற்றுகிற கரண்டியைவிட, பொறுமையாக வைக்கிற ஒரு சொட்டுதான் உயிர் காக்கும்!