நாஞ்சில் நாட்டில் கோழியும் முயலும்

இடவப்பாதி மழையில் கன்னிப்பூவும், துலாமழையில் கும்பப்பூவும் விளைவது நாஞ்சில் நாட்டின் தனிச்சிறப்பாகும். நெல்லுக்கு இவ்வளவு நுட்பமாகப் பருவம் பார்க்கும் உழவர் பெருமக்கள், கொல்லைப்புறக் கோழிக்கும் முயலுக்கும் பருவம் பார்ப்பதில்லை. கூண்டுகள் வெறுமையாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மாசியில் கும்பப்பூ அறுவடையாகும்போது களத்தில் சிதறும் மணிகளால் கோழிகள் கொழுக்கின்றன. அடுத்து வரும் வெயிற்காலத்திலேதான் கோழிக்கழிச்சல் நோய் பரவுகிறது. ராணிக்கேத் நோய் என்பதும் இதுவே. மூச்சுத் திணறலும் பச்சையும் வெண்மையுமான கழிச்சலும் கண்டு, கழுத்துத் திருகிக் கோழிகள் மடியும். ஒரு வாரத்தில் தெருவே கோழியற்றுப் போவதுண்டு. இதற்கு மருந்து கிடையாது. தடுப்பூசி ஒன்றே காப்பு. குஞ்சு பொரித்த 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், 8ஆம் வாரத்தில் இறக்கையில் ஊசியும் இடல் வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்னரே குடற்புழுவை நீக்கிவிடுவது நன்று. கால்நடைத் துறையினர் பிப்ரவரியில் முகாம் நடத்துவது, வெயிலுக்கு முன்னர் கோழிகள் எதிர்ப்புச் சக்தி பெறவேண்டும் என்பதற்காகவே.

பத்து வீட்டில் ஊசி போட்டு இருபது வீட்டை விட்டுவிட்டால் நோய் ஊரை விட்டு அகலாது. முகாம் நாளை முன்னதாக அறிவிப்பதும், பகலில் மேயும் கோழிகளை முதல்நாள் இரவே அடைத்து வைக்கச் சொல்வதும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் எளிதில் செய்யக்கூடியவை. நோய் கண்டதும் எஞ்சிய கோழிகளை அவசரமாகச் சந்தைக்கு அனுப்பும் வழக்கத்தை உறுதியாகத் தடுக்கவேண்டும். அடுத்த ஊருக்கு நோயை விற்பதற்கு அது சமம். இழப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைப்பணத்துக்கே என்பதையும் மறத்தலாகாது.

அடைவைக்க ஏற்ற காலம் மார்கழிக் கடைசி. துலாமழை ஓய்ந்திருக்கும். 21 நாளில், தையில் குஞ்சு பொரிக்கும். அறுவடைக்குள் அவை தாமே மேயும். அடைமழையில் பொரித்த குஞ்சுகள் ஈரத்தரையில் இரத்தக்கழிச்சலுக்கு இரையாகின்றன. மழைக்காலத்தில் கூட்டின் உமியை அடிக்கடி கிளறி, நனைந்ததை அகற்றவேண்டும்.

முயலின் இயல்பு வேறு. அது குளிர்ச்சியை விரும்புவது. நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் முயல் ஆராய்ச்சி நிலையங்கள் அமைந்திருப்பது தற்செயலன்று. கடும் வெயிலில் ஆண்முயலின் கருவூட்டும் திறன் குன்றிவிடும். ஆகவே பங்குனி, சித்திரையில் இனச்சேர்க்கையை நிறுத்திவைத்தால் நஷ்டமில்லை. பெண்முயலை ஆணின் கூண்டுக்குக் கொண்டு செல்லவேண்டுமே தவிர, ஆணைப் பெண்ணின் கூண்டில் விடலாகாது. சினைக்காலம் சுமார் 31 நாள். தென்னந்தோப்பின் நிழல் கூண்டுக்கு மிக ஏற்றது. ஆயினும் காய் விழும் இடமா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்க! மழை நாளில் அறுத்த ஈரப்புல்லை அப்படியே இட்டால் வயிறு உப்பும். நிழலில் வாடவிட்டு இடுக. முருக்கிலை, அகத்தி ஆகியவற்றை முயல்கள் விரும்பி உண்ணும். காட்டுமுயலைப் பிடித்து வளர்ப்பது சட்டப்படி குற்றமாகும்.

முயலிறைச்சிக்கு எல்லா ஊரிலும் கிராக்கி இல்லை. வாங்குவோரை அறிந்த பிறகே பெருக்குக. இரண்டு பெண்முயலும் ஓர் ஆணுமே தொடக்கத்துக்குப் போதும்.

கூரையைப் பற்றியும் ஒரு சொல். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தில் ரப்பரையும் வாழையையும் சாய்த்ததை யாவரும் அறிவர். துலாமழைக்கு முன், புரட்டாசியிலேயே கூண்டின் தகரத்தைக் கம்பியால் இறுகக் கட்டிவிடுதல் வேண்டும்.