பாத்தியில் நிற்கும் கால்களுக்கு

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. பாத்தியில் உப்பு விளையும் பதத்தில் அது 250 கிராமைத் தாண்டிவிடும். தோலின் மேலடுக்கு, செத்த செல்கள் எண்ணெய்ப் பூச்சோடு நெருங்கி அடுக்கியது. உப்புநீரும் வெயிலும் அந்தப் பூச்சையும் ஈரத்தையும் குறைக்கக் குறைக்க, கூனிமேடு, மரக்காணம் பக்கம் உப்பு வாருகிறவர்களின் பாதம் வெடிக்கிறது.

கரையேறியதும் நல்ல தண்ணீரில் கால் கழுவுங்கள். சோப்பைத் தினமும் போட்டுத் தேய்க்க வேண்டாம். எஞ்சிய எண்ணெயும் போய்விடும். ஈரம் முழுக்கக் காயும் முன்பே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவ வேண்டும். காய்ந்த காலில் தடவினால் பயன் குறைவு. பித்தவெடிப்பு இருந்தால் இரவில் தடவி, பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளலாம்.

காய்ப்பை பிளேடால் சீவாதீர்கள். அது உடம்பு தானே போட்டுக்கொண்ட செருப்பு! சர்க்கரை நோய் இருப்பவர்கள் தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். உணர்ச்சி மங்கிய காலில் புண் வந்தாலும் வலிக்காது. பூட்ஸ் நல்லதுதான், உள்ளே உப்புநீர் தேங்காதவரை.

கைநகம் மாதம் சுமார் 3 மி.மீ. வளரும், கால்நகம் அதில் பாதிதான். அடிபட்ட பெருவிரல் நகம் முழுதாக வளர ஓராண்டுக்கு மேலாகலாம். நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தைக் குடைந்தால் நகச்சுற்று வரும்.